அந்த வட்ட மூடியைத் திறங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தாம்பரம், மேடவாக்கம், ஆவடி என்று சென்னைப் புறநகரில் எந்தப் பக்கம் போனாலும், தனி வீடுகளின் சுற்றுச்சுவரை ஒட்டி வட்டமாக ஒரு சிமெண்ட் மூடி கிடக்கும். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோதோ, பிற்பாடு பிளான் அப்ரூவலுக்காகவோ மாடி மழையை மண்ணுக்குள் இறக்கப் போட்ட உறைக்கிணறு அதன் கீழே இருக்கிறது. கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்று கேட்டால் பல வீடுகளில் பதில் வராது. ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள், புரட்டாசியிலேயே திறந்துவிடுங்கள்.

1000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். சேதாரம் போக 750 லிட்டராவது குழாய்க்கு வரும். சென்னையில் ஆண்டுக்கு 130, 140 சென்டிமீட்டர் பெய்கிறது. ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். அதாவது 12,000 லிட்டர் லாரி எட்டு.

மாடியைப் பெருக்கி, குழாய் வாய்க்குச் சல்லடை போடுங்கள். கீழே, குழாய் ஃபில்டர் தொட்டிக்குத் திரும்பும் இடத்தில் ஒரு ‘டீ’யும் (T வடிவக் குழாய் இணைப்பு) கழற்றி மாட்டும் மூடியும் வேண்டும். முதல் மழையில் முதல் கால் மணி நேரம் அதைத் திறந்து வையுங்கள். தூசி, பறவை எச்சம், சருகு எல்லாம் வெளியே போய்விடும். இது இல்லாத வீட்டில் அத்தனையும் ஃபில்டரில் படியும்.

பெரும்பாலும் பழுதாவது ஃபில்டர்தான். அடியில் 40 மில்லிமீட்டர் ஜல்லி, அதன்மேல் 20 மில்லிமீட்டர் ஜல்லி, மேலே மணல். ஜல்லிக்கும் மணலுக்கும் நடுவே நைலான் வலை விரிக்காவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கிவிடும். அதோடு சேறும் சேர்ந்தால் இறுகிப்போகும். இப்போது எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்த மணல் போடுகிறார்கள். அதிலுள்ள மாவுத்தூளை அலசாமல் கொட்டினால் அதுவே அடைத்துக்கொள்ளும். வருடா வருடம் மேல் மணலை மூன்று அங்குலம் சுரண்டி எடுத்துப் புது மணல் போடுங்கள். ஜல்லியை வெளியே கொட்டி அலசிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள்.

உறைக்கிணற்றில் பத்து வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் அப்படியே நின்றால் அடியில் வண்டல் மூடியிருக்கிறது, அல்லது மண்ணே களிமண். அண்ணா நகர், கொளத்தூர் பக்கம் களிமண் என்பதால் வெறும் குழி பயன்படாது. குழியின் அடியிலிருந்து பத்துப் பதினைந்து அடிக்குத் துளை போட்டு உடைந்த செங்கல் நிரப்ப வேண்டும். வேளச்சேரி, பெருங்குடியில் பாறை. அங்கே வடிகட்டிய நீரைச் சம்ப்பிலோ (தரையடித் தொட்டி) பழைய கிணற்றிலோ விடுவதே மேல். ஓடிக்கொண்டிருக்கும் போர்வெல்லில் வடிகட்டாத நீரை மட்டும் விடாதீர்கள். சேறு இறங்கி ஊற்றுக்கண் அடைபட்டால் சரிசெய்வது பெரும்பாடு.

வாசலுக்கு வெளியே இன்னொரு தொல்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில், பல தெருக்களில் வீடு பள்ளத்தில் நிற்கிறது. சாக்கடை கலந்த தெருத் தண்ணீர் கேட்டைத் தாண்டி நேரே உறைக்கிணற்றுக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் உறையின் விளிம்பு தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்திருக்கட்டும். முற்றம் முழுக்க சிமெண்ட் பூசிவிட்டு ‘சுத்தமாக இருக்கிறது’ என்பவர்கள், மாடி மழையோடு முற்றத்து மழையையும் ரோட்டுக்குத் தள்ளுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பள்ளம் நிறைவதில் அவர்கள் பங்கும் உண்டு. ஆனால் 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு கரை மீறியதே, அந்த மாதிரி வெள்ளத்தை எந்த உறைக்கிணறும் தாங்காது. அதற்கு ஆற்றையும் ஏரிக் கால்வாய்களையும்தான் பார்க்க வேண்டும்.

தூர் வாரும்போது ஒன்று கவனியுங்கள். ஆழமான உறைக்குள் விஷவாயு தங்கியிருக்கலாம். ஆளை உள்ளே இறக்காமல், மேலே நின்றபடி நீண்ட கம்பு கட்டிய வாளியால் சேற்றை அள்ளுங்கள். வேலை முடிந்ததும் குழந்தைகள் நகர்த்த முடியாதபடி மூடியைப் பொருத்திவிடுங்கள்.