படுகையில் நுழையும் நீரை அளந்தீர்களா?

அவையோருக்கு வணக்கம்.

செயற்கை ஈரநிலம், அதாவது கழிவுநீரைச் சுத்திகரிக்க ஜல்லி நிரப்பிச் செடி நட்ட படுகை, என்றதும் எல்லோர் கண்ணும் செடிமேல்தான் போகிறது. கல்வாழை பூத்துவிட்டால் நீர் சுத்தமாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். 1950களில் ஜெர்மனியில் ஆய்வாளர் கேத்தே சைடல் கோரையை வைத்துச் சோதனை செய்த காலத்திலும் செடிக்குத்தான் முதலிடம். ஆனால் வேலையில் பெரும்பங்கு ஜல்லியிலும் வேரிலும் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்ப் படலத்துடையது.

100 சதுர மீட்டர் படுகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 4,000 லிட்டர் கழிவுநீர் வருகிறது. ஜல்லி 60 செ.மீ. ஆழம், நீர்மட்டம் மேற்பரப்புக்கு 10 செ.மீ. கீழே. மேல் ஜல்லி காய்ந்திருந்தால் கொசு முட்டையிட இடமில்லை. ஜல்லியின் இடைவெளி 40 விழுக்காடு என்றால் உள்ளே நிற்கும் நீர் 20,000 லிட்டர். அதாவது நீர் படுகைக்குள் 5 நாள் தங்கும். நீர்மட்டத்தை ஏற்றி இறக்க வெளிவாயிலில் திருப்பக்கூடிய வளைந்த எல்போ குழாய் ஒன்று போதும்.

படுகை கெடுவது பெரும்பாலும் நுழைவாயிலில்தான். செப்டிக் டேங்கில் சேறு அள்ளாமல் விட்டால் திடக்கழிவு வந்து முதல் ஒன்றிரண்டு மீட்டரை அடைத்துவிடும். நீர் மேலே வழிந்தோடும், கொசுவும் வந்துவிடும். கழுவாத ஜல்லியைக் கொட்டினாலும் இதே கதிதான். நுழைவாயிலில் 40 முதல் 80 மி.மீ. கல்லும், நடுப்பகுதியில் 8 முதல் 16 மி.மீ. ஜல்லியும் போடுவது இதற்காகத்தான்.

ஆய்வு மாணவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. வெயில் காலத்தில் இந்தப் படுகையும் செடிகளும் நாளைக்கு 10 மி.மீ. நீரை ஆவியாக்கினால் 1,000 லிட்டர் போய்விடும். வெளியே வருவது 3,000 லிட்டர். நுழையும்போதும் வெளியேறும்போதும் நைட்ரஜன் லிட்டருக்கு 40 மி.கிராம் என்று ஆய்வகம் சொல்கிறது. படுகை ஒன்றுமே செய்யவில்லையா? உள்ளே போனது 160 கிராம், வெளியே வந்தது 120. கால்பங்கு நீங்கியிருக்கிறது! மழைக்காலத்தில் கதை தலைகீழ்: மழைநீர் கலந்து அடர்த்தி குறையும், எதுவும் நீங்காமலே நீங்கியதுபோல் தெரியும். ஆகவே நீரின் அளவைப் பதிவு செய்யாத ஆய்வறிக்கையை நான் பாதிதான் நம்புவேன்.

மீதி நைட்ரஜன் ஏன் போகவில்லை? இப்படி எப்போதும் நீர் நிரம்பி, நீர் பக்கவாட்டில் நகரும் கிடைமட்டப் படுகையில் ஆக்சிஜன் மிகக் குறைவு. கழிவுநீரில் உள்ள அமோனியா பெரும்பாலும் நைட்ரேட்டாக மாறுவதில்லை; மாறினால்தான் அது பிறகு நைட்ரஜன் வாயுவாகி வெளியேறும். அந்தப் படுகைக்கு முன்னால், நீர் மேலிருந்து கீழே இறங்கும் ஒரு செங்குத்துப் படுகை வைத்து, நாளைக்கு நாலைந்து முறை விட்டுவிட்டு நீர் பாய்ச்ச வேண்டும். இடைவேளையில் காற்று உள்ளே இறங்கும்.

பள்ளி மாணவர்களுக்குக் காட்ட உப்புச் சோதனை நல்லது. முதலில் இயல்பான மின்கடத்துதிறனைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நுழைவாயிலில் உப்புக் கரைசலை ஊற்றி, வெளிவாயிலில் மின்கடத்துதிறன் மீட்டரை வைத்து அளவு எப்போது உச்சம் தொடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 5 நாள் கணக்கிட்ட படுகையில் முதல் நாளே உச்சம் வந்தால், நீர் எங்கோ குறுக்குவழி பிடித்துவிட்டது. கரைசல் மட்டும் கெட்டியாக இருக்கக் கூடாது. கனத்தால் அடியில் இறங்கித் தவறான கணக்குக் காட்டும்.