வெடி வெடிக்காத ஊருக்கு வந்த சிவகாசி மாப்பிள்ளை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சுற்றுலாத் தலம் கெடாமல் காப்பதில் பெரும்பங்கு அரசுக்கா, பயணிக்கா, ஊர்மக்களுக்கா? இதுதான் தலைப்பு. ஊர்மக்களுக்கே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் அரசு அணிக்காகப் பேசிய சகோதரி நன்றாகப் பேசினார், ஆனால் இறங்குகிற நேரத்தில் ஒன்று சொன்னார். "ஊர்க்காரர்களிடம் விட்டால் மலையையே சீவி பஜ்ஜி போட்டு விற்றுவிடுவார்கள்" என்றார். அவையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு மாப்பிள்ளை கதை.

சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு ஊர். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிற ஊர். மழைக்காலத்தில் கண்மாய் நிறைந்தால் நத்தைக்கொத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் வந்து கண்மாய்க்குள் நிற்கிற கருவேல மரங்களில் கூடு கட்டும். தீபாவளியும் அந்த நேரத்தில்தானே வருகிறது? முட்டையும் குஞ்சுமாக இருக்கிற பறவைகள் மிரண்டுவிடும் என்று அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக யாரும் வெடி வெடிப்பதில்லை.

அந்த ஊருக்கு ஒரு மாப்பிள்ளை தலை தீபாவளிக்கு வருகிறார். என் நண்பருடைய சொந்தத்தில் நடந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் எது தெரியுமா? சிவகாசி! (கைதட்டலை முடித்துக்கொள்ளுங்கள், கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.) வெறுங்கையோடு வருவாரா? பத்தாயிரம் வாலா, அணுகுண்டு, லட்சுமி வெடி என்று ஒரு சாக்கு மூட்டை. காரில் இருந்து இறக்கித் திண்ணையில் வைத்துவிட்டு, "மாமா, விடியக்காலை நாலு மணிக்கு ஊரே எழுந்திருக்கணும்" என்கிறார்.

மாமனார் முகத்தை நினைத்துப் பாருங்கள். வந்திருப்பது மாப்பிள்ளை, அதுவும் தலை தீபாவளி மாப்பிள்ளை! மோதிரம் கேட்டால் இல்லை என்று சொல்லலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இழுக்கலாம். வெடி வைக்காதீர்கள் என்று எந்த மாமனார் சொல்வார்? மாமியாரைப் பார்க்கிறார். மாமியார் மகளைப் பார்க்கிறார். மகள் தம்பியைப் பார்க்கிறாள். தம்பி நைசாகப் பின்வாசல் வழியே போயே போய்விட்டான். ராத்திரி முழுக்க அந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை, மாப்பிள்ளை ஒருவர்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

நாலு மணி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, ஊதுபத்தியைப் பற்ற வைத்துக்கொண்டு தெருவுக்கு வருகிறார். அங்கே தெருப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள். வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்கள் என்று மாப்பிள்ளைக்கு ஏக சந்தோஷம். ஒரு பொடியன் முன்னால் வந்து சொல்கிறான்: "அத்தான், வெடிக்காதீங்க. குஞ்சு கூட்டுலேர்ந்து விழுந்துரும்."

மாப்பிள்ளை ஊதுபத்தியைக் கீழே போட்டுவிட்டார். அன்றைக்குச் சாயங்காலமே சாக்கு மூட்டை அப்படியே காரில் ஏறியது. அடுத்த வருஷம் வரும்போது வேறொரு மூட்டை. அதைத் திண்ணையில் வைக்கும்போது மாமனாருக்கு மறுபடியும் வியர்த்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் மிட்டாய்!

இப்போது பயணி அணியைக் கேட்கிறேன். அந்த மாப்பிள்ளைதான் சுற்றுலாப் பயணி. நல்ல மனுஷர், எதையும் கெடுக்க வேண்டும் என்று வரவில்லை, சந்தோஷமாக இருக்க வந்தார், வரும்போதே மூட்டையோடு வந்தார். அரசு அணியைக் கேட்கிறேன். அவரைத் தடுத்தது எந்தச் சட்டப்பிரிவு? எந்த அபராதச் சீட்டு? வேட்டங்குடியைச் சரணாலயமாக அறிவித்தது 1977-இல்தான். வனத்துறை தீபாவளிக்கு அந்த ஊர் மக்களுக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறது, அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் இனிப்பு யாருக்கு யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். காப்பவருக்குத்தான் நன்றி சொல்வார்கள்!

சரி, பஜ்ஜிக்கு வருவோம்.

சகோதரி அவர்களே, ஊட்டியில் பஜ்ஜிக் கடை போட்டவர் அதே நீலகிரியில் இருக்கிற சீகூர் யானை வழித்தடத்தில் ரிசார்ட் கட்டினாரா? 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வழித்தடத்தை உறுதி செய்து தீர்ப்பு சொல்ல வேண்டிய நிலைமை வந்ததே, அதுவரை அங்கே கட்டடங்கள் எழும்பும்போது அலுவலகங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தன? பஜ்ஜிக் கடைக்காரரா மின் இணைப்பு கொடுத்தார்? மலைக்கு வருகிற வண்டிகள் முன்கூட்டியே வாங்க வேண்டிய அனுமதியான இ-பாஸ் அரசின் சாதனை என்றீர்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு வைத்ததும் அதே நீதிமன்றம்தான். அப்போது நீலகிரி வியாபாரிகள் கடையடைத்தார்களே என்று நீங்கள் கேட்கலாம். அடைத்தார்கள். சீசன் வருமானத்தில் வருஷத்தை ஓட்டுகிறவர்களைக் கேட்காமல் முடிவெடுத்தால் கடையைத்தான் அடைப்பார்கள். வண்டி குறைந்தால் அதே மக்களுக்குத்தான் தண்ணீரும் ரோடும் மிஞ்சும், அதை உட்கார வைத்துப் பேசியிருந்தால் வரம்பை அவர்களே கேட்டு வாங்கியிருப்பார்கள்.

பயணி அணி சிரிக்க வேண்டாம். நீலகிரியில் காலி மது பாட்டில்களைக் காட்டில் வீசி, உடைந்த கண்ணாடி யானையின் காலைக் கிழித்ததால், 2022-இல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் தருகிற ஏற்பாடு வந்தது. பத்து ரூபாய்க்காக அல்லவா பாட்டில் திரும்பி வருகிறது? கொள்ளுக்குடிப்பட்டிப் பொடியனுக்கு யார் பத்து ரூபாய் கொடுத்தார்கள்?

இன்னும் ஒன்று. வேடந்தாங்கல். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் போய் முறையிட்டது ஊர்மக்கள். 1798-இல் பிளேஸ் என்ற கலெக்டர் அவர்களுடைய உரிமையை எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த விவசாயிகளுக்குத் தெரியும். சட்டம் எழுதியவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே அவர்கள்தான்! அப்புறம், 2020-இல் அதே சரணாலயத்தின் பரப்பைக் குறைக்கலாம் என்று யோசனை வைத்தது யார்? பஜ்ஜிக் கடைக்காரரா?

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே, ஒரே நிமிஷம்.

மாப்பிள்ளை கதையில் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். ஊதுபத்தியைக் கீழே போட்டவர் உள்ளே வந்து மனைவியின் அப்பத்தாவிடம் கேட்டாராம், "மழையில்லாத வருஷம் பறவையே வராதே, அப்பவாவது வெடிப்பீங்களா?" என்று. அப்பத்தா சொன்னாராம்: "அது எப்பிடிய்யா வெடிக்கிறது? பெய்யாத வருசம் வராதுதான். பெஞ்சா வரும்ல. வந்து பாத்துட்டு, நம்ம சத்தத்துக்குப் பயந்து வேற ஊருக்குப் போயிட்டா?"

அந்த அப்பத்தா பிறந்ததில் இருந்து தன் வீட்டு வாசலில் ஒரு கம்பி மத்தாப்புக்கு மேல் பார்த்ததில்லை. எட்டு வயசுப் பிள்ளையிடம் தீபாவளிக்கு வெடி கிடையாது என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அங்கே ஒரு ஊரே தன் பிள்ளைகளிடம் அதைச் சொல்லி, பிள்ளைகளும் கேட்டு, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து அவர்களுடைய பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கிறார்கள். பயணிக்குத் திங்கட்கிழமை வந்தால் கிளம்பிவிடுவார். அதிகாரிக்கு மாறுதல் உத்தரவு வந்தால் கிளம்பிவிடுவார். ஊர்க்காரருக்கு எங்கே போக வழி? அவருடைய அப்பனைப் புதைத்த மண் அது, பேத்திக்குக் காது குத்தப் போகிற மண் அது!

அந்த மக்களைப் பார்த்து பஜ்ஜி போட்டு விற்பார்கள் என்று சொன்னால் எனக்கு வலிக்கிறது. சகோதரி அந்த வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டும். தீர்ப்பை எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள் நடுவர் அவர்களே, ஆனால் அதைச் சொல்லும்போது, இனி எந்த மலைக்கும் எந்தக் கண்மாய்க்கும் சுற்றுலாத் திட்டம் போடுகிற கூட்டத்தில் முதல் நாற்காலியை அந்த ஊர்க்காரருக்குப் போடுங்கள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.