உறைக்கு வெளியே தெரிவது எது? அமெரிக்காவின் முன்கூட்டிய வாக்குகளைப் படிப்பது எப்படி

[திரையில்: மேசை மேல் ஒரு தபால் வாக்கு உறை]

பென்சில்வேனியாவில் ஒருவர் தபாலில் வாக்களிக்கிறார். வாக்குச்சீட்டை மடித்து ஒரு உறைக்குள் போடுகிறார். அந்த உறையில் பெயரோ கையெழுத்தோ இருக்கக் கூடாது. அதை இன்னொரு பெரிய உறைக்குள் வைத்து ஒட்டி, வெளியே கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி அனுப்புகிறார். உள் உறையை மறந்துவிட்டால் அந்த வாக்கே செல்லாது.

தேர்தல் அலுவலகத்தில் வெளி உறையின் பார்கோடை ஸ்கேன் செய்கிறார்கள். இன்னாருடைய வாக்கு வந்து சேர்ந்தது என்று பதிவாகிறது. அவ்வளவுதான். தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னால் உறையைப் பிரிக்க அந்த மாநிலச் சட்டம் அனுமதிப்பதில்லை.

சரி, அப்படியானால் நவம்பரில் நடக்கும் தேர்தலுக்கு அக்டோபரிலேயே ஒரு கட்சி இத்தனை லட்சம் முன்னிலை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

[திரையில்: வாக்காளர் பட்டியலில் ஒரு வரி, பெயர், வயது, கட்சி]

அமெரிக்காவில் பல மாநிலங்களில் வாக்காளராகப் பதியும்போதே எந்தக் கட்சி என்று குறிப்பிடலாம். இந்திய வாக்காளர் பட்டியலில் இப்படி ஒரு கட்டமே கிடையாது, அதனால் நமக்கு இது புதிதாகத் தெரியும். யாருடைய உறை வந்தது என்று தெரிந்ததும் பட்டியலில் அவருக்கு நேரே இருக்கும் கட்சியைக் கூட்டிக்கொள்கிறார்கள். டிவியில் ஓடுவது இந்த எண்ணிக்கைதான். உறைக்குள் யாருக்கு ஓட்டு விழுந்திருக்கிறது என்பது அதில் கிடையாது. இதை முன்னிலை என்று சொல்வதே தவறு என்பது என் கருத்து. ஒரு வாக்குகூட எண்ணப்படாத நேரத்தில் அந்தச் சொல் மக்கள் மனதில் ஒரு முடிவைப் பதித்துவிடுகிறது. பிறகு முடிவு மாறி வந்தால் மோசடி என்ற சந்தேகம் கிளம்புகிறது.

2020-ல் நடந்ததைப் பாருங்கள். கோவிட் காலம். தபால் வாக்கில் மோசடி நடக்கும் என்று குடியரசுக் கட்சியின் டிரம்ப் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய ஆதரவாளர்கள் நேரில் போய் வாக்களித்தார்கள். ஜனநாயகக் கட்சியின் பைடனுடைய ஆதரவாளர்கள் தபாலுக்குப் போனார்கள். பென்சில்வேனியாவில் வந்த சுமார் 26 லட்சம் தபால் வாக்குகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பைடனுக்கு. நேரடி வாக்குகளை முதலில் எண்ணியதால் தேர்தல் இரவில் டிரம்ப் கிட்டத்தட்ட 7 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தார். உறைகளைப் பிரித்து எண்ண எண்ண அது கரைந்து, கடைசியில் பைடன் சுமார் 80,000 வாக்குகளில் வென்றார். யாரும் நடுராத்திரியில் வாக்குகளைக் கொண்டுவந்து கொட்டவில்லை. எண்ணும் வரிசை அப்படி.

2024-ல் அதே மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியினர் அனுப்பிய உறைகள் குடியரசுக் கட்சியினருடையதைவிட 4 லட்சத்துக்கு மேல் அதிகம். ஆனால் டிரம்ப் சுமார் 1,20,000 வாக்குகளில் வென்றார்.

இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவர்கள்தான் அதிகம் குழம்பினார்கள். 2024-ல் கோவிட் இல்லை. குடியரசுக் கட்சியே தன் ஆட்களை முன்கூட்டியே வாக்களியுங்கள் என்று கேட்டுக்கொண்டது. அப்போது அவர்களுடைய எண்ணிக்கை ஏறத்தானே செய்யும்? தீபாவளித் துணியைப் பத்து நாள் முன்பே எடுத்துவிட்டவர் முந்தின நாள் மறுபடி கடைக்கு வரமாட்டார். முதல் வாரக் கூட்டத்தைப் பார்த்து மொத்த வியாபாரத்தைக் கணக்குப் போட முடியாது. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: வந்தவர்கள் புதியவர்களா, எப்படியும் வந்திருக்கக்கூடியவர்கள் வாக்களிக்கும் நாளை மட்டும் மாற்றிக்கொண்டார்களா?

[திரையில்: கடும் போட்டி இருந்த ஏழு மாநிலங்களின் வரைபடம், மூன்று சாம்பல் நிறத்தில்]

ஜார்ஜியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றிலும் கட்சிப் பதிவே கிடையாது. அங்கே கட்சிவாரிக் கணக்கு என்று யாராவது காட்டினால், அது வயது, வசிக்கும் பகுதி போன்றவற்றை வைத்துப் போட்ட ஊகம்.

நெவாடாவில் இந்த எண்ணுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. அங்கே மிகப் பெரும்பாலோர் தேர்தல் நாளுக்கு முன்பே வாக்களித்துவிடுகிறார்கள். லாஸ் வேகாஸ் இருக்கும் கிளார்க் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) ஜனநாயகக் கட்சிக்குச் சேரும் கூடுதல், கிராமப்புறத்தில் குடியரசுக் கட்சிக்குச் சேருவதைத் தாண்டுகிறதா என்று ஜான் ரால்ஸ்டன் போன்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர்கள் நாள்தோறும் கணக்கிடுவார்கள். 2024-ல் முன்கூட்டிய வாக்கில் குடியரசுக் கட்சியினர் அதிகம் வந்தார்கள்; டிரம்பும் வென்றார். ஆனால் அங்கும் எந்தக் கட்சியையும் சேராதவர்களின் கூட்டம் பெருத்துவிட்டது. அவர்களின் மனம் எந்தக் கோப்பிலும் இல்லை.

அப்புறம், வட கரோலினா. அந்த மாநிலத் தேர்தல் வாரியம் வாக்களித்தவர்களின் பட்டியலை நாள்தோறும் இலவசமாக வெளியிடுகிறது. ஒரு வாக்காளருக்கு ஒரு வரி: கவுண்டி, வயது, கட்சி. இதைப் பழைய தேர்தல்களின் கோப்போடு பொருத்தினால், போன முறை தேர்தல் நாளில் வந்தவர் யார், வராமலே இருந்தவர் யார் என்று பிரிக்கலாம். உழைப்பு அதிகம். ஆனால் கட்சி சதவீதத்தைவிட ஆயிரம் மடங்கு உபயோகமானது.

2024-ல் அங்கே முன்கூட்டியே வாக்களித்தவர்களில் குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி, எதையும் சேராதவர் என மூவருக்கும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. குடியரசுக் கட்சியினர் ஜனநாயகக் கட்சியினரைவிட ஒரு இம்மி அதிகம்.

[திரையில்: ஒரே வாக்குச்சீட்டு, மேலே அதிபர், கீழே ஆளுநர்]

முடிவு வந்தது. அதிபர் பதவிக்கு டிரம்ப் சுமார் 3 சதவீதப் புள்ளிகளில் வென்றார். அதே சீட்டில் ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் ஜோஷ் ஸ்டெய்ன் கிட்டத்தட்ட 15 புள்ளிகளில் வென்றார். லட்சக்கணக்கானவர்கள் மேலே ஒரு கட்சிக்கும் கீழே இன்னொரு கட்சிக்கும் வட்டத்தை நிரப்பியிருக்கிறார்கள். கோப்பில் அவர்கள் ஒவ்வொருவருக்கும் இருந்தது ஒரே ஒரு வரி.