மைனஸ் பவர் எங்கிருந்து வருகிறது?

[திரையில்: தி.நகர் பேருந்து நிலையம், மங்கலாக ஒரு பஸ்]

தூரத்தில் பஸ் வருகிறது, நம்பர் தெரியவில்லை. உடனே கண்ணை இடுக்கிப் பார்ப்போம், ஓரளவு தெரியவும் செய்யும். அதெப்படி?

வெளிச்சம் முதலில் படுவது கார்னியாவில், அதாவது கருவிழிக்கு முன்னால் இருக்கிற தெளிவான படலத்தில். ஒளியை வளைக்கிற வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதனுடையது. பாவம், பெயர் முழுக்க உள்ளே இருக்கும் லென்ஸுக்குத்தான். மிச்சத்தை லென்ஸ் பார்த்துக்கொள்கிறது: கிட்டத்தில் பார்க்கும்போது குண்டாகும், தூரத்துக்குத் தட்டையாகும். ஒளி சரியாக விழித்திரையில் குவிந்தால் படம் தெளிவு. குவியாமல் பரவினால் மங்கல். கண்ணை இடுக்கும்போது ஓரத்துக் கதிர்கள் தடைபட்டு அந்தப் பரவல் குறைகிறது, அவ்வளவுதான்.

[திரையில்: ஊசித்துளை போட்ட அட்டை]

கண்ணாடியைக் கழற்றிவிட்டு இந்தத் துளை வழியாகப் பாருங்கள், இன்னும் பளிச்சென்று தெரியும். கண் டாக்டர்களும் இதையே செய்வார்கள். துளையில் தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடி போதும். தெளியவில்லை என்றால் விழித்திரை வரை பார்க்கவேண்டியிருக்கும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இருக்கிறது, அங்கே போய்க் காட்டலாம்.

சரி, மைனஸ் பவருக்கு வருவோம். பெரியவர்களின் கண் முன்னிருந்து பின்வரை சுமார் 24 மில்லிமீட்டர். அது ஒரே ஒரு மில்லிமீட்டர் நீண்டாலும் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்து, கிட்டத்தட்ட இரண்டரை, மூன்று பவர் வந்துவிடும். மைனஸ் 2 என்றால் கண்ணாடி இல்லாமல் அரை மீட்டர் வரைதான் தெளிவு, மைனஸ் 4 என்றால் கால் மீட்டர். ஒரு கண்ணை மூடிக்கொண்டு செல்போனைத் தள்ளித் தள்ளிப் பிடித்து, எழுத்து எங்கே கலைகிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள், கணக்கு ஏறக்குறைய ஒத்துவரும்.

பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் பவர் ஏறுவதும் கண் நீள்வதால்தான். "கண்ணாடி போட்டதால்தான் ஏறுது" என்று வீட்டில் சொல்வார்கள், நம்பாதீர்கள். பகல் வெளிச்சத்தில் தினமும் விளையாடவிட்டால் கிட்டப்பார்வை வருவதே தள்ளிப்போகும், ட்யூஷன் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

கண் குட்டையாக இருந்தால் தூரப்பார்வை, ப்ளஸ் பவர். கார்னியாவின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி இல்லாவிட்டால் சிலிண்டர் பவர்.

அப்புறம் வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் லென்ஸ் இறுகி, குண்டாக முடியாமல் போகிறது, பேப்பரைக் கை எட்டுகிறவரை தள்ளிப் பிடிக்கிறோம். இதில் மைனஸ் 2, 3 ஆட்களுக்கு மட்டும் ஒரு சலுகை: கண்ணாடியைக் கழற்றினாலே படித்துவிடலாம்.