விளைவு என்னும் சொல்

அவையோருக்கு வணக்கம்.

பொதுவெளியில் ஒருவர் புண்படுத்தும் பேச்சைப் பேசிச் சிக்கிக்கொள்ளும்போது, ஒரு தரப்பு 'அது அவருடைய கருத்துரிமை' என்கிறது. மறு தரப்பு 'உரிமை உண்டுதான், விளைவையும் அவரே ஏற்க வேண்டும்' என்கிறது. இரண்டாவது வாதம் நியாயமாகவே ஒலிக்கிறது; நானும் பல ஆண்டுகள் அதைச் சொல்லிவந்தவன்தான். ஆனால் 'விளைவு' என்ற அந்தச் சொல்லின் மீது இப்போது எனக்கு ஐயம் வந்துவிட்டது. விதைத்தது விளையும் என்பதுபோல, தண்டனை தானாகவே முளைத்து வருவதாக அது நம்மை எண்ணவைக்கிறது. வழக்குத் தொடுப்பவர், வேலையிலிருந்து நீக்குபவர், வீட்டின் மீது கல்லெறிபவர் என ஒவ்வொரு விளைவுக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்கிறார். பேசியவர் தம் பேச்சுக்குப் பொறுப்பு என்றால், இவர்கள் தம் செயலுக்குப் பொறுப்பு.

மறுத்துப் பேசுவதும், கண்டிப்பதும், இனி இவரை மேடைக்கு அழைக்க மாட்டோம் என்று முடிவெடுப்பதும் கருத்துரிமைக்குள் அடங்கியவையே. அதில் எனக்கு வழக்கில்லை. அரசு கை வைக்கும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1976-இல் அளித்த ஹாண்டிசைடு தீர்ப்பு, மனத்தைப் புண்படுத்தும், அதிரவைக்கும், குலைக்கும் கருத்துகளுக்கும் கருத்துரிமை பொருந்தும் என்றது. அப்படிச் சொல்லிவிட்டு, அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட பதிப்பாளருக்கு எதிராகவே முடிவெடுத்தது என்பது தனிக்கதை! அமெரிக்காவில், போரில் இறந்த படைவீரர் ஒருவரின் இறுதிச் சடங்கு நடந்த இடத்தருகே இழிசொற்கள் எழுதிய பதாகைகளோடு நின்ற ஒரு மதக்குழுவின் மீது அவருடைய தந்தை இழப்பீட்டு வழக்குத் தொடுத்தார். 2011-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் குழுவின் பக்கம் நின்றார்கள். பொது விவகாரம் குறித்துப் பொது இடத்தில் நின்று பேசிய பேச்சு, எவ்வளவு கொடியதாயினும் காக்கப்பட வேண்டியது என்பது அவர்கள் வாதம். அந்தத் தந்தையின் முகத்தை எண்ணிப் பார்த்தால், அதை எளிதில் ஒப்புக்கொள்ள என்னால் இயலவில்லை.

இந்தியாவில் அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. 19(2) அதற்கான கட்டுப்பாடுகளைச் சொல்கிறது. பொது ஒழுங்கு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் எல்லாம் அதில் உண்டு. 'மனம் புண்பட்டது' என்பது மட்டும் தனிக் காரணமாக இல்லை. ஆயினும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, மிகவும் புண்படுத்தும் செய்தியை அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை என்றது. எவருக்குப் புண்பட்டால், எந்த அளவுக்குப் புண்பட்டால் குற்றம் என்பதற்கு அதில் வரையறையே இல்லை. விவாதம், ஆதரித்துப் பேசுதல், தூண்டுதல் என மூன்றையும் பிரித்துக் காட்டி, தூண்டுதல் என்ற நிலையை எட்டும்போதுதான் சட்டம் குறுக்கிடலாம் என்று விளக்கிய உச்ச நீதிமன்றம், 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவைச் செல்லாததாக்கியது. அதன் பிறகும் அதே பிரிவின்கீழ் காவல் நிலையங்களில் வழக்குகள் பதிவாகிவந்ததால், 2022-இல் நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

தீர்ப்பு நமக்குச் சாதகமாக வருவதாலேயே தீங்கு நீங்கிவிடுவதில்லை. திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி 2005-இல் சொன்ன கருத்துக்காக நடிகை குஷ்பு மீது 23 வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2010-இல் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. ஆனால் குற்றமே இல்லை என்று ஆன ஒரு பேச்சுக்காக அவர் ஐந்தாண்டுகள் வழக்கைச் சுமந்தாரே, அதை யார் திருப்பித் தருவது?

வேலை கொடுப்பவரின் நிலை வேறு. அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. தனியார் முதலாளியை அன்று. தன் ஊழியரின் பேச்சால் வாடிக்கையாளர் அஞ்சி விலகுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி ஒரு நிறுவனத்தை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் மருத்துவமனைத் தாதி நோயாளிகளின் சாதியை இகழ்ந்து பேசுவதும், கிடங்குக் கணக்கர் விளையாட்டு அணியொன்றை வைது எழுதுவதும் ஒன்றல்ல. முன்னது அவர் பணியையே தொடுகிறது, பின்னதற்காக ஒரு குடும்பத்தின் வருமானத்தைப் பறிப்பதை நான் தண்டனை என்றுகூடச் சொல்ல மாட்டேன், பழிவாங்கல் என்பேன்.

சாதாரண மனிதரின் ஒரு வரிக்காக இவ்வளவு கடுமை காட்டும் நாம், அதிகாரத்தில் இருப்போரிடம் தாராளமாக இருக்கிறோம். உத்தரப் பிரதேச அமைச்சர் ஒருவர் கூட்டு வன்கொடுமை வழக்கொன்றை அரசியல் சதி என்று 2016-இல் பேசியதிலிருந்து எழுந்த வழக்கில், 2023 ஜனவரி 3 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 19(2)-இல் சொல்லப்பட்ட காரணங்களைத் தவிர வேறு கட்டுப்பாடு விதிக்க முடியாது என்பதை ஐவரும் ஏற்றனர். அதை நானும் ஏற்கிறேன். அமைச்சரின் பேச்சை அரசின் பேச்சாகக் கொள்ள முடியாது என்றனர் நால்வர். நீதிபதி நாகரத்னா மட்டும், அமைச்சர் தம் பதவி நிலையில் அரசின் கருத்தையே வெளியிட்டுப் பேசியிருந்தால் அதற்கு அரசு பொறுப்பாகலாம் என்று தனித்து எழுதினார். காவல்துறை எவருக்குக் கீழே இருக்கிறதோ அவர் வாயிலிருந்து வரும் சொல்லும், தெருவில் நிற்பவர் சொல்லும் ஒரே எடை கொண்டவை அல்ல என்பதால், நான் அந்தத் தனிக்குரலின் பக்கமே நிற்கிறேன்.