அந்தப் பன்னிரண்டு மணி நேரம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பயங்கரவாதம், வெளியுறவு, மேற்கு நாடுகள் என்று வந்தால் துருக்கிப் பத்திரிகைகளின் எழுத்தை வளைப்பது எது? மேற்கின் இரட்டை நாக்கா, அங்காரா அரசின் பிடியா? இதுதான் தலைப்பு. அரசின் பிடிதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஐயா உருக்கமாகப் பேசினார். பாரிஸில் குண்டு வெடித்தால் உலகமே மெழுகுவத்தி ஏற்றுகிறது, அங்காராவில் வெடித்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்றார். துருக்கி அரசை எதிர்த்து ஆயுதம் ஏந்திய குர்து இனத்தவரின் இயக்கமான குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியைப் பயங்கரவாத இயக்கம் என்று பட்டியலில் வைத்திருக்கும் அமெரிக்கா, அதன் சிரியாக் கிளையாகத் துருக்கி பார்க்கும் ஒய்பிஜி என்ற குர்துப் படைக்கு ஆயுதம் கொடுத்ததே என்றார். ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர 1987இல் கதவைத் தட்டிய நாடு இன்னும் வாசலிலேயே நிற்கிறது, அந்த நாட்டுப் பத்திரிகைக்காரன் கொதிக்காமல் என்ன செய்வான் என்று கேட்டார்.

ஐயா, நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. 2016 மார்ச் 13ஆம் தேதி அங்காராவின் கிசிலாய் பகுதியில் குண்டு வெடித்து 30க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஒன்பது நாள் கழித்து பிரஸ்ஸல்ஸில் வெடித்தபோதுதான் உலகம் அழுதது. எங்கள் உயிர் மட்டும் மலிவா என்று துருக்கி மக்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை.

ஆனால் நீங்கள் சொன்னது கோபத்துக்கான காரணம். அந்தப் பத்திரிகைகள் எழுதாமல் விட்டதற்கு யார் காரணம்? அதையும் சேர்த்துப் பார்த்தால்தானே வழக்கு முடியும்?

2011 டிசம்பர் 28ஆம் தேதி இரவு. ஈராக் எல்லையை ஒட்டிய ஷிர்னாக் மாகாணத்தில் ரோபோஸ்கி என்று ஒரு குர்து கிராமம். அந்த ஊர்க்காரர்களுக்கு எல்லை தாண்டி டீசலும் சிகரெட்டும் கொண்டு வந்து விற்பதுதான் பிழைப்பு. தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். காவல் சாவடிக்கும் தெரியும். அன்றைக்கும் கோவேறு கழுதைகளில் கேன்களை ஏற்றிக்கொண்டு பனியில் திரும்பி வருகிறார்கள். துருக்கியின் சொந்தப் போர் விமானங்கள், எஃப்-16, அவர்கள் தலையில் குண்டு போட்டன. 34 பேர் செத்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் சிறுவர்கள். ஊர்க்காரர்களே மலையேறிப் போய்த் தங்கள் பிள்ளைகளைப் போர்வையில் சுற்றி, அதே கழுதைகளின் முதுகில் கட்டிக் கீழே கொண்டு வந்தார்கள்.

சமூக வலைத்தளத்தில் இரவே செய்தி பரவிவிட்டது. இஸ்தான்புல்லின் பெரிய தொலைக்காட்சிகள் என்ன செய்தன தெரியுமா? ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம் வாய் திறக்கவில்லை. ராணுவத் தலைமையகத்திலிருந்து அறிக்கை வரட்டும் என்று காத்திருந்தன. செத்தவன் பயங்கரவாதியா, பக்கத்து வீட்டுப் பையனா என்று செய்தி ஆசிரியர் முடிவு செய்யவில்லை. அந்த அறிக்கை முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். நடுவர் அவர்களே, அந்த இரவில் எந்த மேற்கு நாடு அவர் வாயைப் பொத்தியது? பாரிஸா? வாஷிங்டனா?

2013இல் இஸ்தான்புல்லின் தக்சிம் சதுக்கத்தில் அரசை எதிர்த்து மக்கள் கண்ணீர்ப் புகைக்குள் நின்றபோது, சிஎன்என் டர்க் தொலைக்காட்சி அதைக் காட்டாமல் பெங்குவின் பற்றிய படம் போட்டதை எல்லோரும் அறிவோம், அதை விரிக்கவில்லை. அதைவிடக் கனமானது 2015 அக்டோபர் 10. அங்காரா ரயில் நிலையத்துக்கு முன்னால் அமைதிப் பேரணிக்குக் கூடியவர்கள் நடுவில் இரண்டு குண்டுகள். 100 பேருக்கு மேல் செத்தார்கள். துருக்கி வரலாற்றிலேயே இவ்வளவு பேரைக் கொன்ற பயங்கரவாதத் தாக்குதல் வேறில்லை. நான்கைந்து நாளுக்குள் நீதிமன்றம் தடை போட்டது. விசாரணை பற்றிச் செய்தி கூடாது, பேட்டி கூடாது, விமர்சனமும் கூடாது. அங்காராவின் சாவை உலகம் கண்டுகொள்ளவில்லை என்று ஐயா வருத்தப்பட்டார். சரி. அந்தச் சாவைப் பற்றிக் கேள்வி கேட்க அந்த நாட்டுப் பத்திரிகைக்கே அனுமதி இல்லையே, அதற்கு யாரிடம் போய் வருத்தப்படுவது?

அப்புறம் அந்த லாரிகள். 2014 ஜனவரியில் சிரியா பக்கம் போன உளவுத்துறை லாரிகளை அதனா மாகாணத்தில் துருக்கிக் காவல்படையே நிறுத்திச் சோதித்தது. மேலே மருந்துப் பெட்டிகள், அடியில் வெடிகுண்டுகள். அரசு அதை உதவிப் பொருள் என்றது. 1924இலிருந்து வந்துகொண்டிருக்கும் ஜும்ஹூரியத் நாளிதழ், 2015 மே 29ஆம் தேதி படத்தோடு அதை வெளியிட்டது. எழுதியவர் இதற்குக் கடுமையான விலை கொடுப்பார் என்று குடியரசுத் தலைவர் எர்டோகன் தொலைக்காட்சியில் சொன்னார். சொன்னபடியே நடந்தது. ஆசிரியர் ஜான் டுண்டாரும் அங்காரா அலுவலகத் தலைவர் எர்தெம் குல்லும் 92 நாள் சிறையில் இருந்தார்கள். உளவு பார்த்தார்கள், பயங்கரவாத இயக்கத்துக்கு உதவினார்கள் என்பது குற்றச்சாட்டு.

2016 மே 6. தீர்ப்பு நாள். நீதிமன்ற வாசலில் டுண்டார் நிற்கிறார். ஒருவன் துரோகி என்று கத்திக்கொண்டே சுடுகிறான். பாய்ந்து அவனைப் பிடித்தவர்களில் ஒருவர் டுண்டாரின் மனைவி. துப்பாக்கி வைத்திருப்பவனை வெறுங்கையோடு பிடித்து நிறுத்தினார் அந்தம்மா. குண்டு இன்னொரு செய்தியாளரின் காலில் பட்டது. அன்றைக்கே, சில மணி நேரத்துக்குள், டுண்டாருக்கு 5 ஆண்டு 10 மாதச் சிறை என்று தீர்ப்பு வந்தது. 2020இல் அவர் ஜெர்மனியில் இருந்தபோதே இன்னொரு தீர்ப்பு, 27 ஆண்டு 6 மாதம். இதைப் படிக்கிற இளம் செய்தியாளர் நாளைக்கு ஒரு லாரியைப் பார்த்தால் கேமராவைத் திறப்பாரா, மூடுவாரா?

வெளியுறவுக்கு வருகிறேன். 2018 அக்டோபர் 2ஆம் தேதி, கல்யாணத்துக்கான காகிதம் வாங்க இஸ்தான்புல்லில் உள்ள சவூதித் துணைத் தூதரகத்துக்குள் போனார் சவூதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி. கட்டிக்கொள்ளப் போகிற பெண் வெளியே காத்திருந்தார். உள்ளே போனவர் திரும்பவே இல்லை, அங்கேயே கொல்லப்பட்டார். அப்போது அரசுக்கு நெருக்கமான சபா நாளிதழைப் பார்த்திருக்க வேண்டும். அவரைக் கொல்ல சவூதியிலிருந்து வந்திறங்கிய 15 பேரின் படம், பெயர், விமான விவரம் என்று வரிசையாக வந்தன. உலகமே அவற்றை எடுத்துப் போட்டது. நல்ல வேலைதான், பாராட்டுகிறேன். ஆனால் கொடுத்தது யார்? பெயர் சொல்லாத அதிகாரிகள். சவூதியை நெருக்க வேண்டிய காலம் அது. 2022 ஏப்ரலில் பொருளாதாரம் தள்ளாடி, சவூதியின் கை தேவைப்பட்டபோது, இஸ்தான்புல் நீதிமன்றம் அந்த வழக்கையே சவூதிக்கு அனுப்பிவிட்டது. அந்த மாதமே எர்டோகன் ஜித்தா போனார். முதல் பக்கத்தில் நாள்தோறும் கொதித்த கோபம் அப்போது எங்கே போனது? தானாகப் பொங்கிய கோபமாக இருந்தால் அப்படி ஆறுமா?

பத்திரிகை முதலாளியையும் ஒரு வார்த்தை பார்த்துவிடுவோம். ஜெர்மனியில் நடந்த ஒரு தர்மநிதி மோசடி வழக்கை ஹுரியத் நாளிதழை நடத்திய டோகன் குழுமத்தின் பத்திரிகைகள் பெரிதாக எழுதின. அவற்றை வாங்காதீர்கள் என்று எர்டோகன் சொன்னார். 2009இல் அந்தக் குழுமத்துக்கு வந்த வரி அபராதம் சுமார் 250 கோடி டாலர். 2018இல் ஹுரியத் உள்பட எல்லாம் அரசோடு நெருங்கிய டெமிரோரன் குழுமத்தின் கைக்குப் போனது. அரசை விமர்சித்து வந்த ஸமான் பத்திரிகைக்கு இவ்வளவு காலம்கூடக் கிடைக்கவில்லை. 2016 மார்ச் 4 இரவு போலீஸ் கதவை உடைத்து நுழைந்தது, இரண்டே நாளில் அதன் முதல் பக்கத்தில் எர்டோகன் சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பிடி எர்டோகன் காலத்தில் தொடங்கியதில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் 1991இல் வந்தது. ஆட்சி மாறியும் பிடி விடவில்லை என்பது என் வாதத்துக்குத்தானே பலம்?

எனக்குப் பின்னால் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரு வேண்டுகோள். மேற்கின் குற்றங்களை எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்குங்கள், நானும் கை தட்டுகிறேன். அதற்கு முன்னால் ரோபோஸ்கியின் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மட்டும் பதில் சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.