மஞ்ச நோட்டுல எழுதுன ரூல்

வணக்கம். சின்ன வயசுல தெருவுல கிரிக்கெட் ஆடுனவங்களுக்கு நான் இன்னைக்குப் பேசப்போறது பாதி தெரிஞ்ச விஷயந்தான். ஒன் பிட்ச் கேட்ச் அவுட், பந்து எதிர் வீட்டு காம்பவுண்டுக்குள்ள நேரா போய் விழுந்தா அவுட். இதெல்லாம் எந்த புக்லயும் கிடையாது. எதிர் வீட்டுப் பாட்டி ஒரு நாள் பந்தைத் தரமாட்டேன்னுட்டாங்க, மறுநாளே ரூல் வந்துருச்சு, நம்ம தெருவுல அது சட்டம், அடுத்த தெருவுல செல்லாது. இதைத்தான் ஹவுஸ் ரூல்னு சொல்றோம்.

நான் 11 வருஷமா சனிக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டு சாப்பாட்டு மேஜையில டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்திட்டு வர்றேன். கேள்விப்படாதவங்களுக்கு ஒரே மூச்சுல சொல்லிடறேன். நாலஞ்சு பேர் உக்காருவோம், ஒருத்தர் கதை சொல்வார், அவரை டன்ஜன் மாஸ்டர், சுருக்கமா டிஎம்னு கூப்பிடுவோம், மத்தவங்க ஆளுக்கு ஒரு கேரக்டர், ஒருத்தி வாள் வீராங்கனை, ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் வைத்தியர். "நான் கதவை உடைக்கிறேன்"னு ஒருத்தர் சொன்னா உடையுதா இல்லையான்னு 20 முகம் உள்ள டைஸை உருட்டிப் பாப்போம். தாயக்கட்டை உருட்டுன கைக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல.

இந்த கேமே ஹவுஸ் ரூல்லேர்ந்து பொறந்ததுதான், அதை நான் யாரைப் பாத்தாலும் சொல்வேன். 1971ல அமெரிக்காவுல செயின்மெயில்னு ஒரு போர் விளையாட்டு புக் வந்துது, கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரெனும் எழுதுனது. பொம்மை வீரர்களை வச்சு ஆடுறது. சாதாரண வீரன் மேல ஒரு அடி சரியா விழுந்தா ஆள் காலி, அவ்ளோதான். மினசோட்டாவுல டேவ் ஆர்னெசன்னு ஒருத்தர், பிளாக்மூர்னு ஒரு கற்பனை ஊரை உருவாக்கி நண்பர்களோட ஆடிட்டு இருந்தார், அங்க ஆளுக்கு ஒரே ஒரு கேரக்டர். பேர் வச்சு வாரக்கணக்கா கூடவே இருந்த கேரக்டர் ஒரே அடியில செத்தா மனசு ஒப்புமா சொல்லுங்க, ஒப்பலை. அதனால ஆர்னெசன் என்ன பண்ணார்னா, முன்னாடி இரும்புக் கப்பல் சண்டை கேம் ஒண்ணுக்கு வச்சிருந்த ரூலை எடுத்தார். கப்பல் ஒரே குண்டுல முழுகாது, எத்தனை அடி தாங்கும்னு ஒரு கணக்கு இருக்கும்ல, அந்தக் கணக்கை மனுஷனுக்கு மாத்தினார். அதுதான் ஹிட் பாயின்ட். 1974ல கைகாக்ஸும் ஆர்னெசனும் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கொண்டு வந்தப்ப அதுவும் உள்ள இருந்துச்சு, முதல்ல அச்சடிச்சது 1000 பெட்டிதான். இன்னைக்கு வீடியோ கேம்ல உங்க பையன் "உயிர் கொஞ்சந்தான் இருக்கு"ன்னு கத்துறானே, அந்த உயிர்க் கோட்டுக்கு மூதாதை இதுதான். டேபிள்ல யாரோ வருத்தப்பட்டாங்க, அதுக்காக ஒரு ரூல் வந்துது. பாட்டி வீட்டு காம்பவுண்டு மாதிரியேதான்.

ஆனா எல்லா ஹவுஸ் ரூலும் வருத்தத்தைத் தீர்க்காது, சிலது வருத்தத்தையே கொண்டு வரும். இதை நான் கொஞ்சம் நிதானமா சொல்லணும்.

எங்க டேபிள்ல ஒரு ரூல் கொண்டு வந்தோம். டைஸ்ல 1 விழுந்தா அடி தப்புறதோட விடாம ஏதாவது கெட்டது நடக்கும், வாள் கை நழுவும், இல்ல பக்கத்துல நிக்கிற நம்ம ஆள் மேலயே படும். உலகம் முழுக்க நிறைய டேபிள்ல இருக்கிற ரூல்தான், ஃபம்பிள்னு சொல்வாங்க. முதல் ரெண்டு வாரம் ஒரே கூத்து. மூணாவது வாரம் டிராகன் சண்டை, வாள் வீராங்கனையா ஆடுற தம்பி ரெண்டாவது வீச்சுல 1 போட்டார், வாள் நம்ம வைத்தியர் மேலயே பட்டு அவர் விழுந்துட்டார். அந்தத் தம்பி அதுக்கப்புறம் பேசவே இல்ல. கிளம்பும்போது வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே, "அண்ணே, என் கேரக்டர் வளர வளர மோசமாகுதுண்ணே"ன்னார்.

அன்னைக்கு ராத்திரி கணக்கு போட்டேன். ஒரு தடவை உருட்டுனா 1 விழ நூத்துக்கு 5 வாய்ப்பு. இந்த கேம்ல வாள் வீரர் 5வது லெவல் வந்தா ஒரே முறையில ரெண்டு தடவை வீசலாம், அப்ப வாய்ப்பு கிட்டத்தட்ட 10. 11வது லெவல்ல மூணு வீச்சு, 14க்கு மேல. 20வது லெவல்ல நாலு வீச்சு, பதினெட்டரை. அதாவது நாட்டுலயே பெரிய வாள் வீரன் அஞ்சாறு முறைக்கு ஒரு தடவை வாளை நழுவ விடுறான், நேத்து கத்துக்க வந்த பையன் 20 முறைக்கு ஒரு தடவைதான். மந்திரவாதியைப் பாருங்க, அவர் நெருப்புப் பந்து வீசுறப்ப டைஸ் உருட்டுறதே இல்ல, நெருப்புல மாட்டுனவங்கதான் தப்பிக்க உருட்டணும், அவருக்கு 1 விழ வழியே கிடையாது. தம்பி சொன்னது நூத்துக்கு நூறு சரி. சிரிப்புக்குன்னு கொண்டு வந்த ரூல் ஒரே ஒருத்தரைக் குறி வச்சு அடிச்சிருக்கு, நாங்க யாருமே பாக்கலை.

அதனால திரும்பவும் சொல்றேன், புது ரூல் வந்தா முதல் கேள்வி, இது யாரைப் போய் அடிக்குது? எதிரியைச் சுத்தி வளைச்சா ரெண்டு டைஸ் உருட்டி பெருசை எடுத்துக்கலாம்னு டிஎம்முக்குன்னே 2014ல வந்த ரூல் புக், டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடுலயே ஒரு ஆப்ஷனல் ரூல் உண்டு. நல்லாத்தான் இருக்கும். ஆனா பார்பேரியன்னு ஒரு கேரக்டர், தன் உடம்பை அடிக்குத் திறந்து காட்டிட்டுத்தான் அதே ரெண்டு டைஸை வாங்குவான், மத்தவனுக்கு அது சும்மா நின்னாலே கிடைச்சா அவனுக்கு என்ன மரியாதை?

ஃபம்பிளை நாங்க தூக்கி எறியலை, மாத்தினோம். ஒரு முறையில முதல் வீச்சுல 1 விழுந்தாதான் கணக்கு, என்ன தப்பாச்சுன்னு உருட்டுனவரே சொல்லணும், நம்ம ஆளுக்கு அடி கிடையாது. இப்ப எல்லா லெவலுக்கும் நூத்துக்கு 5தான். மந்திரவாதிக்கு என்ன செய்யறதுன்னு எங்களுக்கு இன்னும் ஒத்து வரலை, பேசிட்டே இருக்கோம்.

ரூலை எப்படி எழுதி வைக்கணும்னு விரிவா சொல்லணும்னு வந்தேன், ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுறாங்க, நேரம் ஆகுது போல. சுருக்கமா சொல்லிடறேன். எங்ககிட்ட ஒரு மஞ்ச அட்டை நோட்டு இருக்கு. புது ரூலை நாலு வாரத்துக்குப் பென்சில்ல எழுதுவோம், தேதியும் யார் கேட்டாங்கன்னும் பக்கத்துலயே இருக்கும். ஒருத்தர் வேண்டாம்னாலும் ரப்பர் எடுத்துடுவோம். நாலு வாரம் தாண்டுனாதான் பேனா.

அதுல ஒரு பக்கம் மட்டும் சொல்லி முடிச்சிடறேன். 2014 ரூல்படி மருந்துக் குப்பியைக் குடிச்சா அந்த முறையில வேற அடி அடிக்க முடியாது, அதனால மருந்தைப் பையிலயே வச்சுக்கிட்டு விழுந்தவங்க எங்க டேபிள்லயே உண்டு. போனஸ் ஆக்‌ஷன்லயே (ஒரு முறையில கூடுதலா செஞ்சுக்கிற சின்ன வேலை) குடிச்சுக்கலாம், கூடவே அடிக்கவும் செய்யலாம்னு எத்தனையோ டேபிள் மாதிரி நாங்களும் பேனாவுல எழுதுனோம். 2024ல புது புக் வந்துது, பிரிச்சுப் பாத்தா அதே ரூல் அச்சுல இருக்கு. வாள் வீராங்கனை தம்பிதான் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்துல குறுக்கே ஒரு கோடு போட்டு, "புக்லயே வந்துருச்சு"ன்னு எழுதி தேதி போட்டார். வணக்கம்.